தானாகத் திறக்கும் கதவும் அம்மாவின் பூட்டும்

சர்க்கரை நோயால் அப்பாவின் வலது காலை எடுத்த பிறகு, ரந்தாவ் ஊரிலுள்ள எங்கள் தோட்ட வீட்டு மரக்கதவுக்குத் தானாகத் திறக்கும் கருவி பொருத்தினேன். ஆள் அசைந்தாலே திறக்கும் வகையை வேண்டாமென்றேன். கோழி நடந்தாலும் திறந்துவிடும். சக்கர நாற்காலியிலிருந்து எட்டும் பொத்தான், மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரி, இவைதான் எனக்கு முக்கியம். வீடு தீப்பிடித்தால் அவர் தனியாக வெளியே வந்தாக வேண்டும்.

சோதிப்பதற்காக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அம்மாவுடன் வாசலுக்கு வந்து, "இப்ப வாங்கப்பா" என்றேன். கதவு மெதுவாகத் திறந்தது. அப்பா வந்தார், வெளி இரும்பு கிரில் கதவில் முட்டி நின்றார். வந்த கையோடு அம்மா அதைப் பூட்டியிருந்தார். வீட்டை விட்டு இறங்கினால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதே பழக்கம்தான்.

"நல்லா வெந்திருப்பேன்," என்றார் அப்பா.

"பூட்டாம போனா திருடன் வருவான் லா."

"ஒத்தக்கால்காரன்கிட்ட என்னத்த எடுக்கப் போறான்?"

அம்மா பூட்டைத் திறந்து கிரில்லை விலக்கினார். கிரில்லுக்கும் உள்ளிருந்து திறக்கும் பூட்டு வாங்கலாம் என்றேன்.

அது வருவதற்குள் ஞாயிறு வந்தது. தேவாலயத்துக்குக் கிளம்பிய அம்மா, பழைய பூட்டைப் பிடித்தபடி கிரில் அருகே வெகுநேரம் நின்றார். பிறகு அதைச் சாவியோடு அப்பாவின் மடியில் வைத்துவிட்டு வந்து காரில் ஏறினார்.