பன்னிரண்டு அரைப் பூக்கள்

என் அத்தை, அப்பாவின் தங்கை, தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்து அங்கேயே இறந்தார். அதற்கு முன்பும் ஓராண்டு அங்கே இருந்து, குணமாகி, எங்கள் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தார். இரண்டாம் முறை அவர் போனதற்கு நான் சொன்ன இரண்டு பொய்கள் காரணம். அப்போது எனக்குப் பதினோரு வயது. பிறகு நான் படித்து ஆசிரியராகி, முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். அத்தனை வருடத்தில் இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். மலேசியாவில், பத்து காஜாவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீடு, ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு. அப்பாவுக்கு ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக் கொட்டகையில் வேலை. அம்மாவும் அக்காவும் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். அத்தைக்குப் பிறந்த குழந்தை பத்தாம் நாள் இறந்தது. அதன் பிறகு அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். லயத்தில் வேறு சொல் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் அத்தை எதையும் பாதியில் விட்டுவிடுவாராம். பாதி வாசலைக் கூட்டிவிட்டு விளக்குமாற்றைப் போட்டுவிடுவார். பாதி சடையைப் பின்னிவிட்டு அப்படியே கடைக்குப் போய்விடுவார். புருஷன் வீட்டில் சில மாதம் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே “பாதியில் விடுவது” என்றால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரு பயம்.

மருத்துவமனையில் மிஸி ஒருவர், நர்ஸைத்தான் அப்படிச் சொல்வோம், அவருக்குக் கொக்கி ஊசியால் கம்பளி நூல் பின்னக் கற்றுக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு போர்வை பின்னப் போவதாக அத்தை அறிவித்தார். கல்யாணம் எதுவும் அப்போது நிச்சயமாகவில்லை. அப்பா ஈப்போவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு சீனக் கடையில் மிஞ்சிப்போன நூல்கண்டுகளைக் கேட்டு வாங்கி வருவார். அதனால் நிறத்தில் ஓர் ஒழுங்கு கிடையாது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள், கிளிப்பச்சை, ஆரஞ்சு என்று கிடைத்ததெல்லாம் வரும். நடுவில் ஒரு நிறம், சுற்றிலும் இரண்டு நிறம், கடைசிச் சுற்று மட்டும் எப்போதும் வெள்ளை. இப்படி உள்ளங்கை அளவில் ஆறு மூலையுள்ள துண்டுகளாகப் பின்னுவார். பள்ளியில் அதை அறுகோணம் என்றார்கள். அத்தைக்கு அது பூ.

நான்கு மாதத்தில் பதின்மூன்று வரிசைப் பூக்களைச் சேர்த்துத் தைத்துவிட்டார். ஒரு வரிசையில் ஒன்பது, அடுத்த வரிசையில் எட்டு. தேன்கூடு போல ஒன்றின் இடுக்கில் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஓரம் வரிசைக்கு வரிசை உள்ளே போய் வெளியே வந்து, பல் விழுந்த வாய் போல இருந்தது.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது, அத்தை ஒரு பூவை வழக்கம்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னாமல், பாதி வரை போய்த் திரும்பி, மறுபடி பாதி வரை வந்து திரும்புவதைப் பார்த்தேன். பக்கத்தில் பிஸ்கட் டின்னில் அப்படிப் பல பாதிகள்.

“ஏன் அத்தை எல்லாத்தையும் பாதியில விட்டுட்டீங்க?”

“விடலடா மருமவனே. இது அரைப் பூ. இது இம்புட்டுதான். ஓரத்துல வச்சுப் பாரு.”

போர்வையைப் பாயில் விரித்தோம். பள்ளம் இருந்த இடத்தில் நானே ஓர் அரைப் பூவை வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. அடுத்த பள்ளத்தில் இன்னொன்று. பையிலிருந்து அடிக்கோலை எடுத்து வந்து ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

“இஞ்சினியர் வந்துட்டாருலா!” என்று அத்தை சிரித்தார். “பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னெண்டு வேணும். மேலயும் கீழயும் இருக்கிற பள்ளத்தைக் கடைசிச் சுத்துல நெட்டைத் தையல் போட்டு நெரப்பிக்கலாம்.”

எனக்கு எல்லாம் புரிந்தது. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் நிலைமை வேறு. அத்தை வருவதற்கு முன்பு நான் ரொட்டி கொண்டுபோவேன். அவர் வந்த பிறகு, ஓய்வு நேரத்துக்குச் சரியாகச் சுடச்சுடச் சோறு கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும்வரை வேலிக்கு வெளியே நிற்பார். தூரத்தில் அவர் தலை தெரிந்ததுமே பையன்கள் அந்த ஆஸ்பத்திரி ஊரின் பெயரைப் பழமாக்கிக் கூவுவார்கள்:

“டேய், ஒன் ரம்புத்தான் பழுத்து வருதுடா! ஓடிப் போய்ப் பொறுக்கிக்க!”

அத்தைக்கும் அது கேட்கும். கேட்காத மாதிரி மூடியைத் திறந்து வைப்பார். அவர் இனி வரக்கூடாது என்று எனக்கு இருந்தது. வீட்டில் சொல்லியிருக்கலாம், ரொட்டியே போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார். சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பீடோரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்து அப்பாவும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசற்படியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“அவங்க வர்றப்ப ஒங்க தங்கச்சிய எங்க உக்கார வைக்கிறது?” என்றார் அம்மா.

“வீட்டுல உள்ளவதானே. இருக்கட்டும்லா.”

“யாரு, என்னான்னு கேட்டா?”

அம்மா என் பக்கம் திரும்பினார்.

“டேய், நாங்க வேலைக்குப் போன பிறகு அத்தை என்னடா செய்யிறாங்க?”

“பின்னுறாங்க.”

“ஒழுங்கா பின்னுறாங்களா?”

“பாதி பாதியா பின்னி டின்னுல போட்டு வைக்கிறாங்க. ஒன்னையும் முடிக்கிறதில்ல.”

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது பொய். சில நாள் எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பள்ளிக்கு வரமாட்டார் என்பதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அப்பா டின்னைத் திறந்து பாயில் கொட்டினார். பன்னிரண்டும் விழுந்தன. பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தை ஈரக் கையோடு வந்து நின்றார்.

“என்னம்மா இது? ஏன் எல்லாத்தையும் பாதியில விட்டிருக்க?”

“விடலண்ணே. அது அரைப் பூ. அரையா இருந்தாத்தான் ஓரம் நேரா வரும்.”

“முடிச்சிரலாம்ல?”

“முடிஞ்சிருச்சுண்ணே. அரைதான் இதுக்கு முழுசு. இதுக்கு மேல பின்னுனா கெட்டுப் போயிரும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். அத்தைக்கு விஷயம் விளங்கிவிட்டது. குரல் உயர்ந்தது, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பல்லு பல்லா நிக்கும்ண்ணே, பள்ளத்துல வைக்கணும்ண்ணே, பக்கத்துக்கு ஆறுண்ணே. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. கேட்கிறவர்களுக்கு ஒவ்வொன்றும் பைத்தியக்காரப் பேச்சாக இருந்தது. போர்வையை எடுத்துவர அறைக்குத் திரும்பினார். அப்பா மணிக்கட்டைப் பிடித்து, “விடும்மா, போதும், உக்காரு” என்றார். அத்தை கையை உதறினார். உதறியது அப்பாவின் முகத்தில் பட்டுவிட்டது.

அப்படியே நின்றவர் என்னைப் பார்த்தார்.

“மருமவனே, நீ வச்சுப் பாத்தியே. அடிக்கோல வச்சுப் பாத்தியேடா. சொல்லு.”

“எனக்குத் தெரியாது அத்தை” என்றேன்.

அத்தை குனிந்தார். அரைப் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னில் போட்டு மூடினார்.

செவ்வாய்க்கிழமை டாக்சி வந்தது. அத்தை நல்ல சேலை கட்டி, தலைவாரிப் பூ வைத்திருந்தார். “கொக்கி ஊசிய மட்டும் குடுங்க அண்ணி” என்றார். “அங்க குடுப்பாங்க” என்றார் அம்மா. வண்டியில் ஏறுவதற்கு முன் என் சட்டைக் காலரைச் சரிசெய்து, “ரொட்டிய மட்டும் தின்னுக்கிட்டு இருக்காதடா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பின்னால் இரண்டு தடவை, அவர் நன்றாக இருக்கிறார், வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று அங்கிருந்து கடிதம் வந்தது. இரண்டையும் அப்பாவுக்குப் படித்துச் சொன்னவன் நான்தான். “பார்க்கலாம்” என்று மடித்து வைத்தார். அக்காவின் கல்யாணம் பீடோரிலேயே முடிந்தது. நல்ல இடம், நான்கு பிள்ளைகள். அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. அவர்கள்மேல் பழியைத் தள்ளிவிட இதை எழுதவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பாவால் அத்தையை டாக்சியில் ஏற்றியிருக்க முடியாது.

சொல்லவும் சொன்னேன், அத்தை போய் மூன்று நாள் கழித்து. அத்தை இல்லாத பள்ளி ஓய்வு நேரம் நான் நினைத்த அளவு சுகமாக இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும் வழியெல்லாம் வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அம்மா வேலையிலிருந்து திரும்பி, குளித்து, கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் போர்வை. பக்கத்தில் திறந்த பிஸ்கட் டின். அரைப் பூக்களை ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்து வெள்ளை நூலால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுவதும் முடிந்து, மறுபக்கத்தில் ஒன்றுதான் பாக்கி. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓரம் நேராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பார்க்கும்படி கட்டிலில் விரிப்பதற்காக என்று கேட்காமலே சொன்னார்.

“அம்மா, அத்தை அன்னைக்குச் சொன்னது நெசம். அந்த அரைப் பூ ஓரத்துக்குத்தான். எனக்குத் தெரியும்.”

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தெரியும். கையக் கழுவிட்டுச் சோறு போட்டுச் சாப்புடு.”

எனக்கு மனசு லேசாகிவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி அப்பாவிடம் சொல்வார், அப்பா போய் அத்தையை அழைத்து வந்துவிடுவார். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். சனிக்கிழமை அப்பாவுக்கு அரை நாள்தான் வேலை என்பது நினைவுக்கு வந்தது. பீடோர்காரர்கள் வரும்போது அத்தை வீட்டில் இருப்பார், போர்வையை அவரே எடுத்துக் காட்டுவார் என்று நினைத்துக்கொண்டேன்.