ராகு காலமும் ஒரு வாளித் தண்ணீரும்

சாவி வாங்கும் நாளில் கையில் பூவும் பழமுமாக வருகிறவர்கள், மூன்றே மாதத்தில் அதே கையில் குறைப் பட்டியலோடு வந்து நிற்பார்கள். அதை வாங்கிக்கொண்டு "பாத்துடலாம் சார்" என்று சொல்வதுதான் என் உத்தியோகம்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதைக் கட்டிய கம்பெனியின் புகார் மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சிவில் டிப்ளமோ படித்தவள். கதவு மூடவில்லையா, டைல்ஸ் தட்டினால் டொக்கு டொக்கென்கிறதா, ஜன்னல் வழியாக மழை உள்ளே வருகிறதா, எல்லாவற்றுக்கும் திட்டு எனக்குத்தான். நீங்களும் புது வீடு வாங்கிய பாவத்தைச் செய்தவர் என்றால் என்னைப் போல ஒருத்தியைக் கட்டாயம் திட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, நானும் மனசுக்குள் உங்களைத் திட்டியிருப்பேன். ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது திட்டின கதை இல்லை. ஒரு சுவர் ஈரமான கதை, அதைக் காய வைத்தவர்களின் கதை.

பத்தரைக்குள் கையெழுத்து

அது ஒரு வெள்ளிக்கிழமை. மாடி வீட்டுக்காரர் சிவராமன் பத்து மணிக்கு வந்தார். மதுரைக்காரர், கல்பாக்கம் பக்கம் ஆராய்ச்சி வேலை, மெத்தப் படித்தவர். கூடவே மனைவி கவிதா, அம்மா. "சார், பாத்ரூம்ல ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாருங்க. டைல்ஸ ஒரு ரூபாய்க் காசால தட்டிப் பாருங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க" என்று எல்லோரிடமும் சொல்வதைப் போல அவரிடமும் சொன்னேன். அவர் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. அதற்குள் சாவி கைக்கு வந்தாக வேண்டும். 'எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்கிற தாளில், பாத்ரூம் கதவைக்கூடத் திறக்காமல், சிவராமன் கையெழுத்துப் போட்டார். மணி பத்து இருபத்தெட்டு.

அதற்கு நேர் கீழ் வீடு மல்லிகாவுடையது. நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்தவர், மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். கணவர் இல்லை; ஒரே பெண் பிரியா, பத்தாம் வகுப்பு. மல்லிகாவும் ராகு காலம் பார்த்தார், ஆனால் ஏழு மணிக்கே வந்துவிட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்ரூமிலும் சமையலறையிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, குந்தி உட்கார்ந்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மூன்று மணி நேரம் பார்த்தார். எங்கள் இன்ஜினியர் பொறுமையில்லாமல் "போதும்மா" என்றதற்கு அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மீன் கயுவுற தண்ணி எங்க போவுதுன்னு பாக்காம எவனாவது வூடு வாங்குவானா சார்?"

கடல் காற்றின் மேல் பழி

மார்கழியில் மல்லிகாவிடமிருந்து போன். போய்ப் பார்த்தால் படுக்கையறைச் சுவரில் கதவளவுக்கு ஈரம். பெயிண்ட் பொரிந்து, மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. அது பிரியா படுக்கிற, படிக்கிற அறை. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு. இப்போது மூச்சு இழுக்கிற சத்தம் ஹாலுக்குக் கேட்டது. மேஜை மேல் கணக்குப் புத்தகம், பக்கத்தில் இன்ஹேலர். "அந்த ரூம்ல படுக்க வெக்காதீங்க" என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டாராம். ஹாலில்தான் மீன் கணக்குப் பார்க்க ஆட்கள் வருவார்கள், டிவி ஓடும், அங்கே எப்படிப் படிப்பது? மார்ச்சில் பொதுத்தேர்வு.

எங்கள் இன்ஜினியர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது ஒண்ணுமில்லம்மா, கடல் காத்து. இந்தப் பக்கம் எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்றார். கடல் எங்கே இருக்கிறது, பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரத்தில்! எனக்குக் கோபம் மூக்கு மேல் வந்தது. சம்பளம் வாங்குகிற இடமாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். மல்லிகா மூடிக்கொள்ளவில்லை.

"நாப்பத்தஞ்சு வருசமா கடக் காத்தத்தான் குடிச்சிகினு கீறேன். எங்க ஓலக் குடிசயே இப்டி அயுததில்ல, உன் காங்கிரீட்டு இன்னாத்துக்கு அயுவுது?"

சொட்டு நீலம்

ஈரம் மேலிருந்து வருகிறது என்று சும்மா சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. மேல் வீட்டு பாத்ரூமில் தண்ணீர் வெளியேறுகிற ஓட்டையை அடைத்து, தரை மூழ்கத் தண்ணீர் நிறுத்தி, வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை ஒரு பாட்டில் கவிழ்த்துவிட வேண்டும். அப்புறம் கீழே காத்திருக்க வேண்டும். சிவராமன் ஆராய்ச்சிக்காரர் அல்லவா, சோதனை என்றதும் உற்சாகமாகிவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் நேரம்கூடக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை மல்லிகா வீட்டுச் சுவரின் மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

டைல்ஸ் ஒட்டிய ஏழுமலை மேஸ்திரியைக் கூப்பிட்டேன். நீலத்தைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே பூசுகிற நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு நாள் காய வேண்டும். சாவி கொடுக்கத் தேதி குறித்துவிட்டார்கள் என்று அவசரப்படுத்தியதில், பூசிய அன்றைக்கே டைல்ஸ் ஒட்டிவிட்டார்களாம். இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ பேர் கையை விரித்துப் பார்த்திருக்கிறேன், "நான் செஞ்சது" என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"தப்பு என்னுதுதான் மேடம். ஒடச்சி எடுத்துட்டு நானே புதுசா போட்டுத் தரேன்."

ஆணி அடிக்காத வீடு

இனி என்ன, உடைக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் கடப்பாறையும் ஆளுமாக மாடிக்குப் போனேன். சாமி கும்பிடப் போனவனைத் தேர் ஏறி மிதித்த கதை. கவிதாவுக்கு எட்டாவது மாதம். மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது. நம் வீடுகளில் உள்ளதுதான், உங்களுக்குத் தெரியாததா? குழந்தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்றார் சிவராமனின் அம்மா.

"அதுவரைக்கும் காத்திருக்க முடியாதும்மா" என்றேன். தை கடைசியில் ஏழுமலை கோஷ்டி வேறு ஊர் வேலைக்குப் போகிறது. போனால் பிடிக்க முடியாது. கீழே ஒரு பெண் மூச்சு விட முடியாமல் பரீட்சைக்குப் படிக்கிறாள். சிவராமனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களாவது சொல்லுங்க சார், நீங்க சயின்ஸ் படிச்சவர்" என்றேன். அவர் அந்த நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாதுங்க. ஆனா ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, அம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

மல்லிகா மாடி ஏறினார்

விஷயம் தெரிந்ததும் மல்லிகா கூடையை அப்படியே போட்டுவிட்டு மாடி ஏறினார். அவர் ஏலத்தில் குரல் கொடுத்தால் மாமல்லபுரத்துக்குக் கேட்கும். ஐயோ, இன்றைக்குக் கைகலப்புதான் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். கதவைத் திறந்தது கவிதா. கால் இரண்டும் வீங்கி, இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். மல்லிகா அவள் வயிற்றைப் பார்த்தார். சட்டென்று குரல் இறங்கிவிட்டது. "புள்ளத்தாச்சி கீற வூட்ல கல்லு ஒடைக்கச் சொல்ல மாட்டேன் தாயி. நீ போயி ஒக்காரு" என்றார். அடிப்பாவி! உனக்காகத்தானே நான் இத்தனை பேரிடம் மல்லுக்கு நிற்கிறேன், நீயே கட்சி மாறினால் எப்படி என்று எனக்கு ஆத்திரம்.

திரும்பி இறங்கப் போனவரைக் கவிதாதான் நிறுத்தினாள். "பிரியா எப்படி இருக்காக்கா?" என்று கேட்டாள். மல்லிகா சொன்னார். கேட்டதும் கவிதா உள்ளே போய், தன் படுக்கையறையை ஒட்டியிருந்த அந்த பாத்ரூமின் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். தண்ணீர் ஊற்றினால்தானே கீழே இறங்கும்? இனி யாரும் அதில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, எல்லோரும் ஹாலைத் தாண்டி இருக்கிற இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்றாள். எட்டு மாதக்காரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்து போவாள் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

"நான் நடந்து போய்க்கிறேன்க்கா. டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருக்காங்க."

வண்டி கேட்டைத் தாண்டியாச்சா?

சுவர் காய ஆரம்பித்தது. ஆனால் உடைக்காமல் தீராது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு போட்டுக் கவிதாவை அம்மா வீட்டுக்கு, கருங்குழிக்கு, அழைத்துப் போய்விடுவார்களே! அவள் வீட்டில் இல்லாவிட்டால் உடைக்கலாமா? மாமியார் யாரிடமோ போனில் கேட்டு, "தாராளமா" என்றார். தை கடைசிப் புதன்கிழமை நாள் குறித்தார்கள். ஏழுமலை கோஷ்டி முதல் நாளே வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. ஏழுமலை மட்டும் ஒரு ஆளோடு எங்களுக்காகத் தங்கினார்.

ஊரில் எத்தனையோ வளைகாப்புக்குப் போயிருக்கிறேன். மனையில் உட்கார்ந்தவளைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது இதற்கு மட்டும்தான். மல்லிகா இரண்டு டஜன் கண்ணாடி வளையல் கொண்டுவந்து கவிதா கையில் அடுக்கினார். ஏழுமலையும் ஆளும் கடப்பாறையைச் சாக்கில் சுற்றி லிஃப்ட் பக்கத்தில் சாய்த்துவிட்டு, புளியோதரையும் தயிர்சாதமும் ஒரு பிடி பிடித்தார்கள். பதினொன்றே முக்காலுக்குக் கார் கிளம்பியது. "வண்டி கேட்டத் தாண்டியாச்சா மேடம்?" என்று ஏழுமலை எழுந்தார். தாண்டியாச்சு. சாக்கைப் பிரித்துக் கடப்பாறையைக் கையில் எடுப்பதற்குள் மணி பன்னிரண்டு அடித்துவிட்டது. அப்போது மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அட இருப்பா, புதன்கெழம ஒன்றர வரைக்கும் ராகு காலம். இன்னுங் கொஞ்சம் பாயசம் குடி."

எங்கே போடணும்?

ஒன்று முப்பத்தொன்றுக்கு முதல் அடி விழுந்தது. இந்தத் தடவை பூச்சு இரண்டு நாள் காய்ந்தது. அப்புறம் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தினோம். அந்த இரண்டு நாளும் பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தவர் யார் என்கிறீர்கள்? பத்து இருபத்தெட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொன்ன அதே அம்மாதான். சிவராமன் கீழே போய்ச் சுவரைத் தடவித் தடவி நோட்டில் எழுதினார். கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. மல்லிகா வீட்டுச் சுவரைச் சுரண்டி, பூசி, வெள்ளை அடித்துக் கொடுத்தோம். மாசி பாதியில் கருங்குழியிலிருந்து சேதி வந்தது, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மல்லிகா அன்றைக்கே பால் சுறா வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, பிள்ளை பெற்றவளுக்குப் பால் நன்றாகச் சுரக்கும், புட்டு செய்து கொடுங்கள் என்று சிவராமன் கையில் கொடுத்தனுப்பினார்.

புகார் முடிந்தது என்று மல்லிகாவிடம் கையெழுத்து வாங்கப் போனேன். தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மொதல்ல எம் பொண்ணு உள்ள தூங்கட்டும்" என்றார். சரிதான், இவரல்லவா வீடு வாங்கத் தெரிந்தவர் என்று தாளை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். மறுநாள் நான் ஆபீஸ் பூட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே மீன் கூடையோடு வந்து நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. ஏலத்துக்குப் போகிற அவசரத்திலும் எனக்காகக் காத்திருந்தாராம்.

"ஒரு தபா கூட இருமல மேடம். நாந்தான் தூங்காம கேட்டுகினே இருந்தேன். குடு, எங்க போடணும்?"

அதனால் சொல்கிறேன், அடுத்த தடவை சாவி வாங்கப் போகும்போது எலுமிச்சம்பழத்தோடு ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு போங்கள். பழம் திருஷ்டிக்கு, வாளி எங்களுக்கு.