சுக்கினி விற்ற வாய்

தக்காளி விற்பவன் விலையைச் சொன்னால் போதும். சுக்கினி விற்பவன் அது என்ன காய் என்று தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை பாடம் நடத்தவேண்டும். ஜனங்களுக்குத் தெரியாத சரக்கைக் கடைபரப்பி, தொண்டை வறண்டு வீடு திரும்பிய அனுபவசாலிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சித்தூர் பக்கத்துக் குடிபாலாவில் குத்தகை நிலத்தில் நானும் என் மனைவி செல்வியும் பாதிக்குத் தக்காளி, பாதிக்குச் சுக்கினி போட்டோம். பார்க்க வெள்ளரி மாதிரியும் ஜாதியில் பூசணியுமான இந்தச் சீமைக்காய் என் யோசனை. "இந்தப் போகம் இது விக்கலன்னா, அடுத்த போகம் மொத்தத்துக்கும் தக்காளிதான். உன் யோசனைய வூட்டோட வச்சிக்கோ" என்று செல்வி சொல்லிவிட்டாள். ஆக, சித்தூர் உழவர் சந்தையில் என் மானம் பச்சை நிறத்தில் கூடைக்குள் கிடந்தது.

நகச் சோதனை

சுரைக்காய் வாங்கும்போது நம் ஜனங்கள் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தி, இளசா முற்றலா என்று பார்ப்பார்கள். சுக்கினிக்கும் அதே மரியாதை கிடைத்தது. அதன் தோலோ மெல்லிசு. நகம் பட்ட இடம் சாயங்காலமே பழுப்பாகி, பிறகு அங்கிருந்தே அழுக ஆரம்பிக்கும்.

"எல்லாமே இளசுதாங்கா, முத்த வுடாமதான் பறிக்கறோம்" என்று நகத்தோடு குனிந்த ஒரு அம்மாவிடம் கெஞ்சினேன். அந்த அம்மா காதில் வாங்காமல் கூடையின் அடிவரைக்கும் போய் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பிறகு மேலே கிடந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்: "இன்னாப்பா, எல்லாத்துலயும் நகம் பட்டுக்கீது, வேற நல்ல கூடை இல்லியா?"

சத்துக் கணக்கு

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுல இன்னா சத்து?" என்றார். சந்தைக்கு வந்த நாளாக யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் நான். மாவுச்சத்து கம்மி, வைட்டமின் சி கொஞ்சம் உண்டு, தோலில் நார்ச்சத்து இருப்பதால் சீவக்கூடாது என்று அடுக்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மை பிடித்து ஆட்ட, "மீதியெல்லாம் தண்ணிதான் சார்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

வாத்தியார் காயைக் கூடையில் திரும்ப வைத்தார். "தண்ணி எங்க வூட்டுக் குழாய்லயே வருது நைனா."

நாலு விசில்

சித்தூரில் மகள் வீட்டுக்கு வந்திருந்த நகரி ஊர்த் தறிக்காரர் ஒருவருக்குச் செய்முறையை விளக்கமாகவே சொன்னேன். வாணலியில் எண்ணெய் நன்றாகக் காயட்டும், பெரிய தீயில் நாலு புரட்டு புரட்டுங்கள், மூடி போடாதீர்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். மனிதர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போய்ப் பருப்போடு குக்கரில் போட்டு நாலு விசில் விட்டிருக்கிறார்கள்.

மறுநாள் சந்தை திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றார். "மூடியத் தொறந்தா ஒரு துண்டுகூட காணோம்! நாலு விசிலுக்கே ஓடிப்போற காய வச்சிக்கினு எவன்யா குடும்பம் நடத்தறது?"

பிரிட்ஜ்

பேங்க் வேலைக்குப் போகும் ஒரு மேடம். "கழுவாம, நறுக்காம, கவர் வாயக் கட்டாம பிரிட்ஜ்ல வைங்க மேடம், நாலஞ்சு நாள் தாங்கும்" என்று சொல்லிக் கொடுத்தேன். சுத்தம் பார்ப்பவர். இரண்டு நாள் கழித்து அந்தக் கவரை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு வந்து, மற்ற ஜனங்கள் முன்னால் ஆட்டிக் காட்டினார். உள்ளே எல்லாம் கொழகொழவென்று கிடந்தது.

"நீங்க சொன்ன மாதிரியேதான் பிரிட்ஜ்ல வெச்சேன். கழுவி, நறுக்கி, காத்து போகாம கட்டினது மட்டும்தான் நான்."

எண்ணெய்ச் சட்டி

அன்று கூடை நிரம்பியபடியே வீடு திரும்பியது. சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, எங்கள் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்வி அப்போதே தக்காளி நாற்றுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலை, வீணாகப் போவானேன் என்று அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினாள். மலைக்கு நடந்து போகிறவர்கள் கூடும் அலிபிரியில் அவள் தங்கை பஜ்ஜி வண்டி வைத்திருக்கிறாள். அக்காளும் தங்கையும் சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வட்ட வட்டமாக நறுக்கினார்கள், கடலை மாவில் முக்கினார்கள், எண்ணெயில் போட்டார்கள். என்ன பஜ்ஜி என்று கேட்டவர்களுக்கு, "சூடான பஜ்ஜி" என்று பதில். மத்தியானத்துக்குள் கூடை காலி. தினமும் ஒரு கூடை வேண்டும் என்று தங்கை சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த செல்வி வெறும் கூடையை என் முன்னால் கவிழ்த்தாள். "தக்காளி நாத்து வேணான்னு சொல்லிட்டேன், சுக்கினியே போடலாம்யா. ஆனா இனிமே காய நான் எடுத்துக்கினு போறேன், நீ ஜனங்ககிட்ட வாயத் தொறக்காத!"

ஆக, சுக்கினியின் சத்தையெல்லாம் கரைத்துக் குடித்த நான் நிலத்தில் களை பிடுங்கிக்கொண்டிருக்க, எண்ணெயைக் குடித்த சுக்கினி அலிபிரியில் அமோகமாக விற்றுக்கொண்டிருக்கிறது.