மூத்தவளுக்குக் கால் முளைத்தது

சாவிக்கடைக்காரியை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அரை மில்லி’ என்றால்தான் தெரியும். ஒரு நாற்காலி அரை மில்லிமீட்டர் ஆடினாலும் போதும், அதன் காலை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படித் தேய்த்துத் தேய்த்தே வீட்டு நாற்காலிகள் எல்லாம் குட்டையாகிவிட்டன. வந்த விருந்தாளி உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும்.

வாரமெல்லாம் சாவி வெட்டுவாள். ஞாயிறு காலை துப்பாக்கி கிளப்புக்குப் போய்ப் பாயில் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் காகிதத்தை ஓட்டை போடுவாள். அவள் துப்பாக்கி அவளைவிட நாலு வயது பெரியது. பஸ் கண்டக்டரான அவள் புருஷன் அதை ‘மூத்தவ’ என்றுதான் சொல்வார். மூத்தவளுக்கு எண்ணெய் தடவும் நாளில் தனக்குக் காப்பிகூடக் கிடைக்காது என்பது அவருடைய நீண்டநாள் புகார்.

போன மழையில் குளியலறை வாசலில் வழுக்கி, அவளது இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கையால் கனம் தாங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நல்லவேளையாக, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு என்று கிளப்பில் இந்த வருடம் தனிப்போட்டி வைத்திருந்தார்கள். துப்பாக்கிக்கு அடியில் மாட்டும் இரண்டு கால் தாங்கி ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி வந்தாள். தாங்கியின் தலை நுழைய விரலகலப் பள்ளம் வேண்டும். மூத்தவளின் அடிக்கட்டையில் இருந்ததோ பென்சில் அகலப் பள்ளம். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் ஒட்டவே இல்லை.

கட்டையைச் செதுக்கிப் பள்ளத்தை அகலமாக்கு, இல்லையென்றால் இதை விற்றுவிட்டுப் புதுசு வாங்கு என்றார் கிளப் செயலாளர். மூத்தவள் மேல் உளி பட்டால் தான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள் அரை மில்லி. சாவிகளுக்கு நடுநடுவே பதினோரு நாள் ஒரு அலுமினியப் பட்டையை அராவினாள். அதன் மேல்பக்கம் பழைய பள்ளத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது; கீழ்ப்பக்கம் புதுத் தாங்கியைப் பிடித்துக்கொண்டது. மரத்தில் ஒரு கீறல் இல்லை. அடிக்கட்டையின் பழைய ஸ்க்ரூக்களையே போட்டுப் பட்டையை முடுக்கினாள். ஒரு ஸ்க்ரூவின் தலையடியில் இருந்த தடித்த பித்தளை வாஷர் மட்டும், பளபளக்கும் பட்டைமேல் மரு மாதிரி கண்ணை உறுத்தியது. அதைக் கழற்றித் தூக்கிப் போட்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் காலை சுட்டுப் பார்த்தாள். அம்மை போட்ட முகம் மாதிரி காகிதமெங்கும் ஓட்டை. செயலாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கை இன்னும் சரியாகலம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அவள் மூத்தவளை உறையில் போட்டு மூடினாள். வீட்டுக்கு வந்து குட்டை நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் டியூட்டி முடிந்து வந்த புருஷனிடம், மூத்தவளை வாங்க யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றாள்.  வழி தெரியாதபோது மனுஷன் பழக்கமானதைச் செய்வார். பையிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து, துப்பாக்கிக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுனியிலிருந்து இழுத்தார். குழல் எங்கேயும் மரத்தில் படக் கூடாது, பட்டால் குறி சிதறும், டிக்கெட் தடையில்லாமல் ஓடினால் துப்பாக்கி ஆரோக்கியம் என்று அவள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘செக்கிங்’.

டிக்கெட் பாதியில் நின்றது.

“ஏம்மா, இங்க யாரோ வழிய மறிக்கிறாங்க.”

“எங்க?”

“உன் புதுப் பட்டைக்கு நேர் மேல.”

அரை மில்லியின் காது சிவந்தது. வாஷர் இல்லாததால் ஸ்க்ரூ அதிகமாக உள்ளே ஏறி, குழலின் அடிவயிற்றில் முட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் நாற்காலிக்கெல்லாம் அளவு பார்த்தவள், அழகுக்கு ஆசைப்பட்டுச் சொந்த ஸ்க்ரூவைக் கோட்டைவிட்டிருக்கிறாள். ஆனால் கை மேல் ஒரு குற்றமும் இல்லை. அது உறைத்ததும் சிரித்துக்கொண்டே வாஷரைத் தேட மேஜைக்கடியில் தவழ்ந்தாள். டப்பாக்கள் உருண்டன. புருஷன் மட்டும் குனியவே இல்லை.

“என்னங்க, அந்தப் பித்தளை வாஷரப் பாத்தீங்களா?”

அவர் மெதுவாகத் தன் தோல்பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். பை மூடியின் கொக்கி அந்த வாஷரில்தான் மாட்டியிருந்தது.

“நீ வேணாம்னு போட்டதுதானே.”

“மூணு நாளா பஸ்ல ஊர் சுத்துதா அது?”

“டிக்கெட் இல்லாமதான்.”

வாஷர் மூத்தவளிடம் திரும்பியது. டிக்கெட் வழுக்கிக்கொண்டு ஓடியது. நம்பிக்கையில்லாமல் அல்ல, சந்தோஷத்தில் நாலு தடவை இழுக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அவளுடைய காகிதத்தை எடுத்து வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பத்து ஓட்டையில் ஒன்பதை ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம். பத்தாவது தள்ளிப் போனதற்குப் புருஷனின் தும்மல்தான் காரணம் என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். மூன்றாம் இடம். தன் வீட்டிலும் ஒரு பழைய துப்பாக்கி தூங்குகிறது, அதற்கும் ஒரு பட்டை அராவித் தர முடியுமா என்று செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவர் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, நாளைக்கே கொண்டுவாருங்கள் என்றாள்.

திங்கட்கிழமை கண்டக்டரின் பை வாய் மூடாமல் கொட்டாவி விட்டபடி வண்டி ஏறியது. கொக்கி மாட்டும் பித்தளை வளையம் எங்கே என்று ஓட்டுநர் கேட்டார்.

“அது இப்ப பெரிய ஆளுப்பா,” என்றார் கண்டக்டர். “போட்டியில மூணாவதா வந்திருக்கு.”