கதவிலுள்ள ஒடுக்கை எடுக்க மாட்டோம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்த நீங்கள் எல்லோரும் வாசலில் நிற்கும் பழைய பியட் காரைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அதன் இடப்பக்கப் பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். "இம்புட்டுப் பெரிய பந்தல் போட்டவுகளுக்கு அந்த ஒடுக்க எடுக்கத் தெரியலையாக்கும்" என்று யாராவது முணுமுணுத்திருந்தால், அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தெரியாமல் இல்லை. எடுக்க மாட்டோம்.

அம்மா டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா அரும்பாடுபட்டு ஒரு சைக்கிள் வாங்கினார். ஆனால் மேலத்தெரு வந்ததும் இறங்கி, தெரு முடியும்வரை அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் ஆட்களுக்கு மட்டும் அப்படியொரு சட்டம். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன அம்மாவும் தினமும் இறங்கி நடந்தார். அந்தப் பிள்ளைதான் மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து அரசு வேலைக்குப் போனது. சமயநல்லூரில் மில் வேலை பார்த்த அப்பாவை மணந்து, நாங்கள் சிறு பிள்ளைகளாக இருக்கும்போதே அவரைப் பறிகொடுத்தார். "ஒத்தைப் பொம்பள என்ன செஞ்சு கிழிச்சிருவா" என்று பேசியவர்கள் வாயை மூடுவதற்குள், ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரிடம் இந்தக் காரை வாங்கி, தானே ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

அடுத்து வந்த பொங்கலுக்கு அண்ணனை முன் சீட்டிலும் என்னைப் பின் சீட்டிலும் வைத்துப் பிறந்த ஊருக்குக் கிளம்பினார். மேலத்தெரு முனையிலேயே காத்து நின்ற தாத்தா பதறிப்போனார்.

"சுத்துப் பாதையில போயிரும்மா. எதுக்கு வம்பு?"

"சைக்கிள்னா எறங்கித் தள்ளலாம்ப்பா. காரை எப்புடித் தள்ளுறது?" என்று சிரித்தபடியே அம்மா வண்டியை உள்ளே விட்டார்.

பாதித் தெருவில், நான் சாய்ந்திருந்த கதவில் கல் வந்து விழுந்தது. நான் அலறிவிட்டேன். அம்மா வண்டியை நிறுத்தி, கண்ணாடியை முழுக்க இறக்கினார். "எறிஞ்சவுக வாங்க, நேர்ல பேசுவோம்" என்றார். ஒருவரும் வரவில்லை. வேகத்தைக் கூட்டாமல், நடக்கிறவர் வேகத்திலேயே தெருக்கோடிவரை ஓட்டினார்.

காளவாசலில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய் ஒடுக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தட்டுத் தட்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடிச்சா கல்லு விழுந்த எடமே தெரியாது நர்ஸம்மா" என்றார்.

"தெரியணும் பாய். துருப் பிடிக்காம மட்டும் பாத்துக்கிருங்க. புண்ணு அழுகக் கூடாது, அம்புட்டுத்தான். தழும்பு இருந்துட்டுப் போகட்டும்."

"வண்டி ஒரிஜினலா இருந்தாத்தானம்மா மதிப்பு?"

"கம்பெனியில வந்தது மட்டும்தான் ஒரிஜினலா? இது எங்க ஊர்ல வந்தது. இதுவும் ஒரிஜினல்தான்."

பாய் துருவைத் தேய்த்து, வண்டியின் சாம்பல் நிறத்தையே மெல்லியதாகப் பூசிக் கொடுத்தார். இன்றுவரை அப்படித்தான் செய்துவருகிறோம்.

இதை வைத்து, அம்மா பழசைக் கட்டிக்கொண்டு அழுதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மறு பொங்கலுக்கு அதே மேலத்தெருவில், எல்லோரும் பார்க்க, வண்டி பொசுக்கென்று நின்றுபோனது. ஒரு பெரியவர் வந்து, "எறங்கித் தள்ளும்மா" என்றார். சாதாரணமாகச் சொன்னாரோ, குத்தலாகச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. "எங்கப்பா தள்ளுனதே ஏழு தலமுறைக்குப் போதும்யா. நான் எறங்க மாட்டேன்" என்று அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெயிலில் உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் மாமா டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் போனார்.

கோளாறு பெட்ரோல் பம்பில். "ஒரிஜினல் பம்பு நர்ஸம்மா, சரி பண்ணிரலாம்" என்று பாய் கெஞ்சிப் பார்த்தார். "என்னைய நடுத்தெருவுல நிப்பாட்டுனது ஒரிஜினலா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? தூக்கிப் போடுங்க" என்று அம்மா சொல்லிவிட்டார். பிரேக்கோ ஒயரிங்கோ ரேடியேட்டரோ, சந்தேகம் வந்த அன்றைக்கே மாற்றினார். கழுத்து வலிக்கிற பழைய சீட்டையும் கை வலிக்கிற பழைய ஸ்டியரிங்கையும் மட்டும் தொட விடவில்லை. ஏசி வை, வெள்ளை அடி என்று எத்தனை பேர் யோசனை சொன்னார்கள்! ஓடுவதற்கு வேண்டியதை மாற்றுவேன், ஊர் மெச்சுவதற்காக ஒன்றையும் மாற்ற மாட்டேன் என்பார். படுக்கையில் விழுந்த பிறகும், மருந்தைக் கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணியா?" என்றுதான் என்னைக் கேட்டார். அப்படியேதான் கண்ணை மூடினார்.

போன மாதம் அண்ணன் எனக்குச் சொல்லாமல் காரை ஒடுக்கு எடுக்கும் டிங்கர் பட்டறையில் விட்டுவிட்டார். தகவல் தெரிந்து ஓடினேன். டிங்கர் வேலைக்காரர் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிவிட்டுச் சுத்தியலோடு நின்றார். கதவுக்குக் குறுக்கே போய் நின்று நான் போட்ட சத்தத்தில் பட்டறையே கூடிவிட்டது.

"அம்மாவே வேணாம்னு சொன்னத அழிக்க நீ யாருண்ணே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "கல்லு விழுந்தப்ப நான் முன் சீட்டுக்கு அடியில போயிப் பதுங்கிட்டேன் பாப்பா. அந்த ஒடுக்கப் பாக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருது."

ஆனாலும் நான் விடவில்லை. "நீ சின்னப்பயண்ணே, பதுங்குன. அம்மா பதுங்கல. அதுக்குச் சாட்சி இந்தக் கதவு மட்டும்தான்." அண்ணனே அந்த அட்டையை எடுத்து டிங்கரிடம் கொடுத்து மாட்டச் சொன்னார். "மலர்ல நான் பதுங்குனதையும் சேத்து எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அம்மாவுக்குக் கடைசிவரை பணிவிடை செய்த சித்திக்கும், அன்று டிராக்டர் கொண்டுவந்த மாமாவுக்கும், காரை உயிரோடு வைத்திருக்கும் பாய்க்கும் அவர் மகனுக்கும், எங்கள் துக்கத்தில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. கல் எறிந்தவரையும் பெருந்தன்மையாக மன்னித்து ஒரு வரி எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். அவர் இன்னும் நேரில் வந்து பேசவில்லை.

பந்தி முடிந்ததும் நாங்கள் அம்மாவின் படத்தை எடுத்துக்கொண்டு அவர் பிறந்த ஊருக்குப் போகிறோம். மேலத்தெரு வழியாகத்தான். அண்ணன் ஓட்டுகிறார், நான் அதே கதவோரம் உட்காருகிறேன். பெட்ரோல் பம்பு புதுசு.