பைண்டிங்குக்குப் போன ரெஜிஸ்டர்

1. முதல் நாள்

நான் வேலை பார்த்த ஆபீஸின் பெயர் வேண்டாம். காரைக்காலில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அங்கே வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்கள். எழுதினால் என் யோக்கியதையும் சேர்ந்து வெளியே வரும். பரவாயில்லை, வயதாகிவிட்டது.

1970இல் கிளார்க்காகச் சேர்ந்தேன். பாதிரியார் பள்ளியில் பிரெஞ்சு படித்தவன் என்பதால் பழைய ரெஜிஸ்டர் அறையை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர் எங்கள் தலைமை கிளார்க். பிரெஞ்சுக்காரன் காலத்து ஆள், பிரெஞ்சில் ஐயா என்பதற்கு முசே, எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அலமாரியைத் திறந்து ஒரு தோல் அட்டைப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார்.

"பாரு சவரி, பொறந்தது செத்தது எல்லா ஆக்தும் ரெண்டு புஸ்தகத்துல எழுதியிருக்கும். ஒண்ணு நம்மகிட்ட. இன்னொண்ணு அப்பவே கோர்ட்டுக்குப் போயிடும். இங்க கரையான் தின்னாலும் அங்க பத்திரமா இருக்கும்."

ஆக்த் என்றால் பதிவு, அவ்வளவுதான். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"இங்க எவனும் சும்மா வரமாட்டான். எதுக்கு வந்திருக்கான்னு மொதல்ல கண்டுபிடி. அப்புறமா அலமாரியத் திற."

இரண்டு விஷயத்தையும் மனதில் எழுதிக்கொண்டேன். பின்னால் இரண்டையும் தப்பாகத்தான் பயன்படுத்தினேன்.

2. ஆறு வயதுத் தாத்தா

அந்த நாளில் பழைய பதிவு கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு வருகிறவர்கள். தாத்தா இங்கே பிறந்தார், பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தார் என்று காட்டிவிட்டால் பேரன் பாரிசுக்கு விமானம் ஏறலாம். உண்மையான தாத்தா இருக்கிறவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். இல்லாதவர்கள் தயார் செய்துகொண்டு வருவார்கள்.

போலகம் பக்கத்திலிருந்து ஒருவர் வெள்ளை வேட்டியும் சென்ட் வாசனையுமாக வந்தார். தாத்தாவின் பிறப்புப் பதிவுக்கு நகல் கேட்டார். தேடினேன், இருந்தது. எனக்கு மூக்கு சும்மா இருக்கவில்லை. இறப்பு ரெஜிஸ்டரையும் புரட்டினேன். அந்தத் தாத்தா ஆறு வயதில் வைசூரி கண்டு செத்திருந்தார்.

"என்னங்க, உங்க தாத்தா ஆறு வயசுலயே உங்கப்பாவப் பெத்துட்டாரா?" என்றேன்.

மனிதர் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அந்தக் குடை மூன்று மழைக்காலம் என்னிடம் உழைத்தது. முசே என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம். கவுன்டருக்கு வருகிற முகத்தைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரியும் என்று நம்பினேன்.

3. பச்சைக் கதவு வீடு

1978, கார்த்திகை மழை. கைத்தறிச் சேலை கட்டிய ஒரு அம்மாள் கவுன்டரில் வந்து நின்றார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"சார், எங்கம்மாவோட பிறப்புப் பதிவு வேணும். 1908. இந்த ஊர்லதான் பிறந்தாங்க. கடைத்தெருவுக்குப் பின்னால பச்சைக் கதவு போட்ட வீடு, முற்றத்துல நாலு தூண் இருக்கும்னு சொல்வாங்க."

அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் ஒன்பது வருஷமாகக் குடியிருப்பவன் நான். ஓனர் பிரான்சில், முகத்தைப் பார்த்ததில்லை. கலியபெருமாள் என்கிற காரியஸ்தர்தான் வந்து போவார். மூன்று பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த மாதிரி இன்னொரு வீட்டுக்கு நான் எங்கே போவது? யாராவது வாரிசு என்று வந்து நிற்பார்கள் என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இதோ, வந்து நிற்கிறார்.

"எதுக்கும்மா வேணும்?"

"நாவல் எழுதறேன் சார். எங்க குடும்பத்தப் பத்தி. அந்த வீட்டப் பத்தி."

நாவலாம். வீடு கேட்டு வருகிறவர்கள் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இது புதுசாக இருந்தது.

"எங்கம்மாவப் பெத்த அம்மா பிரசவத்துலயே போயிட்டாங்க சார். அம்மாவ அவங்க அத்தை கும்பகோணத்துக்குத் தூக்கிட்டுப் போய் வளர்த்தாங்க. பெத்தவ பேர மட்டும் அந்த அத்தை சாகற வரைக்கும் சொல்லவே இல்ல. அம்மாவுக்கு இப்ப எழுபது. இதயம் சரியில்ல. பெத்தவ பேரத் தெரிஞ்சுக்காமப் போயிடுவேனோன்னு தினம் ஒரு தடவை சொல்லிடறாங்க."

கதை எழுதுகிறவள் கதை சொல்லாமல் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு வரச்சொன்னேன். அம்மாவின் பெயரையும், தன் பெயர் லோகநாயகி என்றும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் 1908ஐ எடுத்தேன். கால் மணி நேரத்தில் ஆக்த் கிடைத்துவிட்டது. தகப்பன் பெயர், நிலபுலம் உள்ளவர். தாய் பெயர், வயது பத்தொன்பது, பிறந்தது திருவேட்டக்குடி, கடலோரக் குப்பம். பெரிய வீட்டுப் பிள்ளை மீனவர் வீட்டுப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். பெயரை ஏன் மறைத்தார்கள் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் என் மண்டையில் ஓடியது வேறு. இந்த அம்மாள் அந்த வீட்டு வாரிசு என்பதற்கு இந்த ஒரு பக்கம் போதும்.

பைண்டிங்குக்குப் போகவேண்டிய கிழிசல் புத்தகங்கள் மூலையில் ஒரு கட்டாகக் கிடந்தன. 1908ஐ அதற்கு அடியில் சொருகினேன்.

4. அளவெடுத்த அம்மாள்

அன்று சாயங்காலம் வீட்டுக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அதே அம்மாள், நனைந்துபோய் நிற்கிறார்.

"சார், நீங்களா?" என்றார். ஆச்சரியம் நிஜமா நடிப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி பிலோமினா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். வாரப்பத்திரிகை ஒன்று விடாமல் படிக்கிறவள் அவள். அந்த அம்மாள் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யோ, தொடர்கதை எழுதுற அக்காவா? உள்ள வாங்கக்கா, மழையில நிக்காதீங்க. என்னங்க, நகருங்களேன்."

எழுத்தாளர் என்பது உண்மைதான் போலிருக்கிறது. அதனால் என்ன? எழுத்தாளருக்கு வீடு வேண்டாமா? காபி குடித்தார். தூணைத் தொட்டுப் பார்த்தார். கடல் காற்று எந்த ஜன்னல் வழியாக வரும் என்று கேட்டார். அந்தக் காலத்தில் பிரசவம் எந்த அறையில் பார்ப்பார்கள் என்று கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்? கிழக்குப் பக்கம் ஒரு சின்ன அறை உண்டு, நாங்கள் விறகும் வறட்டியும் போட்டு வைத்திருந்தோம். அதைத் திறந்து பார்த்தவர் உள்ளே போய் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு அடிமேல் அடி வைத்து நடந்தார். கதவை இரண்டு தடவை திறந்து மூடினார். பிறகு நோட்டில் எழுதினார்.

கிணற்றடியில் அவர் கை கழுவப் போன நேரத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். 'கிழக்கு அறை. ஏழடி. ஜன்னல் ஒன்று, உயரத்தில். தாழ்ப்பாள் வெளியே மட்டும்' என்று இருந்தது. அமீன் வீட்டை ஜப்தி செய்யும்போது இப்படித்தான் எழுதுவான்.

"அளவெடுக்கிறா பாத்தியா?" என்றேன் பிலோமினாவிடம், அவர் போனபிறகு.

"அவங்க அம்மா பொறந்த ரூம அவங்க பாக்கக்கூடாதா? எல்லாரையும் ஆபீஸ் கண்ணோடயே பாக்காதீங்க," என்றாள்.

5. மூன்று தடவை

நான்கு நாள் லாட்ஜில் தங்கியிருந்தார். மூன்று தடவை ஆபீசுக்கு வந்தார். முதல் தடவை, ரெஜிஸ்டர் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றேன். இரண்டாவது தடவை, பைண்டர் ஊரில் இல்லை என்றேன். மூன்றாவது தடவை பஸ்சுக்குப் பையோடு வந்தார்.

"சார், இன்னொரு காப்பி எங்கயாவது இருக்குமா? புதுச்சேரிக்கோ கோர்ட்டுக்கோ நான் போய்ப் பாக்கறேன்."

"அதெல்லாம் கிடையாதும்மா. ஒரே புஸ்தகம்தான்."

"சரிங்க சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்களுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்," என்றார். கிடைத்தால் எழுதும்படி விலாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி வார்த்தை குத்தலா, நிஜமா என்று ஒரு மாதம் யோசித்தேன். அவரை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று தினம் தபால்காரரை நிறுத்திக் கேட்பேன். இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு நோட்டீசும் வரவில்லை.

1981இல் கலியபெருமாள் வந்தார். ஓனர் வீட்டை விற்றுவிட்டார், வாங்கினவர் இடித்துக் கட்டப்போகிறார், மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்றார். எனக்கு உடனே சந்தேகம் வந்த இடம் ஒன்றுதான்.

"அந்த எழுத்தாளர் அம்மாவா வாங்கியிருக்கு?"

"அவங்களா? அவங்களுக்கு என்னங்க பாத்தியத? அந்தக் குடும்பம் வெள்ளக்காரன் காலத்துலயே வித்துட்டுப் போயிட்டாங்களே. அந்தம்மா எங்கிட்டயும் வந்தாங்க. 'வீடு எங்களுது இல்லன்னு தெரியுங்க, சும்மா பாக்கத்தான் வந்தேன்'னு சொல்லிட்டு, உள்ள போய்ப் பாக்கலாமான்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் உங்க வீட்டுக்கே வந்தாங்க."

கோட்டுச்சேரிப் பக்கம் இரண்டு அறை வீட்டுக்குக் குடி போனோம். எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அது போயே போய்விட்டது. அப்போதாவது ரெஜிஸ்டரை எடுத்திருக்கலாம். வெட்கமாக இருந்தது, எடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

6. நாவல்

1983இல் பிலோமினா லைப்ரரியிலிருந்து அந்த நாவலைக் கொண்டுவந்தாள். நான் லீவு போட்டுவிட்டு இரண்டு நாளில் படித்தேன். இலக்கிய ஆர்வம் இல்லை. என்னைப் பற்றி அந்த அம்மாள் என்ன எழுதியிருக்கிறார் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். திருட்டுக் கிளார்க் ஒருவன் எங்காவது வருவான், ஊரே சிரிக்கப்போகிறது என்று பார்த்தால், நான் எங்குமே இல்லை.

கிழக்கு அறை இருந்தது. ஏழடி. உயரத்தில் ஒரு ஜன்னல். தாழ்ப்பாள் வெளியே மட்டும். பிள்ளை பிறக்கும்வரை ஒரு பெண்ணை அதில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்துக்குப் பக்கம் வருகிறாள். ஆனால் கடைசிவரை 'அவள்' மட்டும்தான், பெயரே கிடையாது. முன்னுரையில் இரண்டு வரி இருந்தது: 'இந்தப் பெண்ணின் பெயரை நான் தேடினேன், கிடைக்கவில்லை. நானாக ஒரு பெயர் வைக்க மனம் வரவில்லை.'

பன்னிரண்டு வருஷம் அந்த அறையில் விறகு எடுத்திருக்கிறேன். தாழ்ப்பாள் ஏன் வெளியே இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், சந்தேகப்படவேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

பிலோமினா என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு அந்தப் பேரு தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அவங்க கேட்ட அன்னைக்கிலேர்ந்து."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் பேசவில்லை. சோறு மட்டும் வேளைக்கு வந்தது.

நாவலைப் படித்து முடித்த மறுநாளே ஆபீசில் அந்தக் கட்டைப் பிரித்தேன். 1908 வைத்த இடத்திலேயே இருந்தது. ஐந்து வருஷமாக எந்தப் புத்தகமும் பைண்டிங்குக்குப் போகவில்லை. ஆக்தை நகல் எடுத்து, கீழே தமிழிலும் எழுதி, முத்திரை போட்டேன். கூட வைக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் எழுதிக் கிழித்தேன். எல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்ட பக்கங்கள். கடைசியில், 'ரெஜிஸ்டர் பைண்டிங்குக்குப் போகவில்லை அம்மா. நான்தான் ஒளித்து வைத்தேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

பத்து நாளில் கார்டு வந்தது.

'பெயர் கிடைத்தது. நன்றி. அம்மா போன வருஷம் மாசியில் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது காரைக்காலிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, வந்ததும் அந்த சார் எழுதுவார் என்று சொன்னேன்.'

அவ்வளவுதான் இருந்தது. ஒரு வசவு வார்த்தை இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஆபீஸ் பின்கட்டில் நின்று அழுதேன். முசே அப்போது ரிட்டயர் ஆகிப் போயிருந்தார்.

7. பிள்ளைகளுக்கு

நேஷனாலிட்டி மோசடியைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகக் கண்டுபிடியுங்கள். ஆனால் கேட்டவர் முன்னால் முதலில் ரெஜிஸ்டரை எடுத்து வையுங்கள், சந்தேகத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகங்களில் இருப்பது நம் சொத்து இல்லை, கேட்க வருகிறவர்களின் சொத்து. ஒரு காப்பி இல்லையென்றால் இன்னொரு காப்பி எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். 1983க்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, எதற்கு வேண்டும் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

அந்த நாவலில் இன்றைக்கும் பெயர் கிடையாது. மறுபதிப்பு வந்தபோது புரட்டிப் பார்த்தேன், அப்படியே விட்டிருக்கிறார். கேட்க வேண்டியவர் போனபிறகு எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை.