பாட்டில் வியர்வை

"அசையாதீங்க தம்பி, இன்னும் வேர்க்கல" என்று சொல்லிக்கொண்டே, தண்ணீரும் கிளிசரினும் கலந்த பாட்டிலை ஓட்டக்காரரின் நெற்றிக்கு நேரே பிடித்து இரண்டு அழுத்து அழுத்துகிறார் போட்டோக்காரர். அந்த இளைஞர் மைதானத்திலிருந்து நேராக, சொட்டச் சொட்ட நனைந்துதான் வந்தார். அதையெல்லாம் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் இந்த அபிஷேகம். "உங்க வேர்வை வழிஞ்சு போயிடும். என் வேர்வை நிக்கும்."

விளையாட்டு வீரர்களை மட்டுமே படமெடுக்கும் ஸ்டுடியோ அவருடையது. மூன்றாவது மாடியில் இருக்கிறது. சொந்த ஸ்டுடியோவுக்கே மாடிக்கு மாடி நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்து சேர்வார். கேட்டால், "படி கட்டினவன் சரியில்ல" என்பார். ஓடத் தெரியாது, நீந்தத் தெரியாது. ஆனால் சுற்று வட்டாரத்து வீரர்களின் தோளும் தொடையும் பெரும்பாலும் இவர் கைவண்ணம்.

சாம்பல் நிறப் பின்திரை. ஆளுக்குப் பின்னால் இரு பக்கமும் உடம்பை உரசிக்கொண்டு ஒளி வீசும் இரண்டு விளக்குகள். முன்னால், இவர் தோளை ஒட்டி, பேருக்கு ஒன்று. "முன்னாடி அடிச்சா வெறும் ஆளு. பக்கத்துல அடிச்சாதான் வீரன்." தொப்பை வைத்த பயிற்சியாளர் ஒருவருக்கு நிழலைக் கொண்டே வயிற்றில் தசையைக் கட்டுக் கட்டாக வரவழைத்துவிட்டார். அந்த வீட்டம்மா படத்தைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார்களாம். வேண்டிய நிழலுக்கு இவ்வளவு மரியாதை செய்கிறவர், வேண்டாத நிழல் ஒரு விரல் அகலம் திரையில் விழுந்தாலும் அந்தப் படத்தை அழித்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

மூலையில் பயமுறுத்தும்படி ஒரு பளு கிடக்கிறது. மரத்தட்டு, கறுப்பு பெயிண்ட். அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டே இவர் அடியில் பெருக்குவார். "நிஜ எடையைத் தூக்கினா முகம் கோணிடும் சார். நமக்கு முகம் முக்கியம்."

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மகள் நிஜமாகவே பளு தூக்குகிறவள். அப்பாவிடம் இதுவரை ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. "போங்கப்பா, என்னைப் பொம்மையாக்கிடுவீங்க." இந்த ஆண்டு அணிக்குத் தேர்வானாள். பளுதூக்கும் சங்கத்து மண்டபச் சுவருக்கு அவள் படம் வேண்டும். எதிர்த் தெரு ஸ்டுடியோவுக்குப் போகிறேன் என்றாள். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஊரையெல்லாம் சுவரில் மாட்டியவருக்குத் தன் மகளை மாட்டக் கொடுத்துவைக்கவில்லை என்பது அவமானம் மட்டுமல்ல, நிஜமான துக்கம். கடைசியில் அம்மா தூது போனதால் மகள் இறங்கி வந்தாள். நிபந்தனைகள் இருந்தன. பாட்டில் கூடாது. மரத்தட்டு கூடாது. "சரியா வரலைன்னா அங்கதான்."

படமெடுக்கும் அன்று நானும் போயிருந்தேன். தோழிகள் இரும்புத் தட்டுகளைச் சுமந்து மேலே கொண்டுவந்தார்கள். இவர் விளக்குகளை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார், பழக்கதோஷத்தில் பாட்டிலைத் தேடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவள் மூச்சிழுத்து எடையைத் தலைக்கு மேல் ஏற்றினாள். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் கோணியது. கைகள் வெடவெடவென்று நடுங்கின. எத்தனையோ பேரைச் சிரித்த முகமாகப் பளு தூக்கவைத்தவர் இதைப் பார்த்ததே இல்லை போலும். கேமரா கழுத்தில் ஊசலாட, "விட்டுடும்மா, விட்டுடு!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார்.

எடை தரையில் விழுந்ததில் கட்டடமே ஒரு தரம் குலுங்கியது.

"எடுத்தீங்களா?"

"எங்கேம்மா எடுத்தேன்... நீ விழுந்துடுவியோன்னு..."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எதிர்த் தெருவுக்குக் கிளம்பிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"இன்னொரு தடவை தூக்குறேன். அங்கேயே நிக்கணும். கிட்ட வந்தீங்கன்னா அவ்வளவுதான்."

நின்றார். எடுத்தார்.

படம் இப்போது மண்டபத்தில் தொங்குகிறது. கோணிய முகம், புருவத்தில் வழியும் சொந்த வியர்வை. பின்திரையில், பளுவுக்குக் கீழே, விரித்த கை ஒன்றின் பெரிய நிழல். அதை அவர் அழிக்கவில்லை.

"இது என்ன சார், கை மாதிரி?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை.

"அதுவா? லைட் ஸ்டாண்டு நிழல்" என்கிறார், இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க்கொண்டே.